அம்மா பெட்டியில் லேஸ் அட்டை இருக்கிறதா? தேடிப் பாருங்கள்

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் ஸ்தோத்திரம்.

நம்ம சபையின் அசன விருந்துக்கு ஊருக்குப் போயிருந்தபோது, சனிக்கிழமை சாயங்காலம் பெரியம்மாமார் நாலு பேர் கூடி லேஸ் பின்னக் கற்றுக்கொடுக்கிற இடத்துக்குப் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இறுக்கி அடைத்த தலையணை, அதன்மேல் பின்னல் மாதிரியைத் துளைகளாகக் குத்திய அட்டை, துளைக்கு ஒரு குண்டூசி, ஊசிகளிலிருந்து ஜோடி ஜோடியாகத் தொங்கும் நூல் சுற்றிய மரக்கட்டைகள். எத்தனை ஜோடி தொங்கினாலும் கை ஒரு நேரத்தில் எடுப்பது இரண்டு ஜோடியைத்தான். குறுக்கே மாற்றி, முறுக்கி, ஊசி குத்தி, அப்புறம் அடுத்த ஜோடி. கட்டைகள் மோதுகிற அந்தச் சத்தம் எங்க ஆச்சி வீட்டுத் திண்ணைச் சத்தம், கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

1821 வாக்கில் நாகர்கோவில் பெண்பிள்ளைகள் பள்ளியில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் தொடங்கிய வேலை இது. அவர் மகள் எலிசா, கால்டுவெல் ஐயரைக் கட்டித் திருநெல்வேலிச் சீமை இடையன்குடிக்கு வந்ததும் நம்ம பக்கமும் பரவியது. திருவிதாங்கூரில் அடிமைமுறை இருந்த காலத்தில் லேஸ் விற்ற காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. அதை நினைத்தால் இது வெறும் தலையணை உறை ஓரம் இல்லை.

இப்போது பெரியம்மாமாருக்குப் பணத்தைவிடப் பெரிய குறை அட்டைகள்தான். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது ஒரு கட்டு அட்டையைக் குப்பையென்று அடுப்பில் போட்டுவிட்டார்களாம். மிஞ்சியது ஏழு மாதிரி, அதிலும் இரண்டில் துளைகள் கிழிந்து பெரிதாகிவிட்டன.

அதனால் கேட்கிறேன், நம்ம அம்மாமார் கொண்டுவந்த டிரங்குப் பெட்டிகள் சிங்கப்பூரிலும் துபாயிலும் நியூஜெர்சியிலும் கிடக்கின்றன, திறந்து பாருங்கள். அட்டை இல்லாவிட்டாலும் பின்னிய துண்டு இருந்தால் போதும், ஊசி குத்திய இடம் பின்னலிலேயே தெரியும், அதை வைத்துப் புது அட்டை குத்திவிடலாம் என்கிறார்கள். கறுப்புத் துணிமேல் பரப்பி, பக்கத்தில் அடிக்கோல் வைத்து, நேர் மேலிருந்து படம் எடுங்கள். தேய்ப்புப் பெட்டி போடவே வேண்டாம், பழைய நூல் தாங்காது.

என் வீட்டில் கிடைத்த ஒரு துண்டின் படத்தை இணைத்திருக்கிறேன். ஓரத்தில் வேப்பிலை மாதிரி ஒரு வளைவு வருகிறது பாருங்கள், இந்த மாதிரியைப் பார்த்ததே இல்லை என்கிறார்கள் பெரியம்மாமார். உங்களில் யார் வீட்டிலாவது இதன் ஜோடி இருக்கிறதா?