கஞ்சில் காருக்குள் மூணு பேர்: எப்படிப் படம் பிடிப்பது?

தோட்டத்துப்பையன்: மலேசியாவில், சுங்கை சிப்புட்டிலிருந்து லூமுட் வரை கஞ்சில்ங்கிற சின்னக் காரில் போகும் குறும்படம். ரெண்டு கூட்டாளிங்க, ஒரு பெண், எல்லாருக்கும் 20க்கு மேல். முன்கண்ணாடியில் வானம்தான் தெரியுது, முகம் இல்லை. நெருக்கமான காட்சி வேற இருக்கு.

லென்ஸ்மணி: லென்ஸில் போலரைசர் (கண்ணாடிப் பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) மாட்டி, பிம்பம் மங்கும்வரை திருப்புங்க. ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் போகும் (ஒரு ஸ்டாப்னா பாதி), ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஏத்திக்கலாம். செம்பனை வரிசைக்குள்ள வெயிலும் நிழலும் மாறி மாறி அடிக்கும். ஆட்டோவில் விட்டா முகம் மினுக்கும், எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) ஒரே அளவில் பூட்டிடுங்க. ஏர்கான் அடைச்சு, ஜன்னலை ஏத்தி வசனம் எடுங்க. காத்துச் சத்தத்தைத் தனியாப் பதிஞ்சுக்கலாம். (ரெண்டு டேக்குக்கு மேல வேர்வை காட்டிக்கொடுத்துடும்!)

ரீட்டா: நெருக்கக் காட்சிக்கு அறையில் தேவையானவங்க மட்டும். எங்கே தொடலாம், கூடாதுன்னு முன்னாடியே எழுதி ஒப்புதல் வாங்குங்க. நடிகர் ‘நிறுத்து’ன்னா உடனே கட். என்னைக் கேட்டா, கட்டில் காட்சியைவிட மறுநாள் காலை ரொட்டி சானாய் (பரோட்டா மாதிரி) சாப்பிடும் மேசையில் மூணு பேரும் முகம் பார்க்காம உட்கார்ந்திருப்பதுதான் கனம். தணிக்கையில் வெட்டு விழும் பயமும் குறைவு.

லென்ஸ்மணி: தோட்டத்து ரோட்டுக்கு மேனேஜர் கடிதம் வேணும், பினாஸ் (மலேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்) அனுமதியும் எடுத்துடுங்க. நகலைக் கார்லயே வையுங்க, கேட்ல ஜாகா (காவலாளி) கேப்பாரு.