பெயிண்ட் அடிக்கும்வரை பைபர் பாகங்களை எப்படிப் பாதுகாப்பது? கொஞ்சம் அவசரம்

கோத்தகிரிக்காரன்
வணக்கம். வீட்டில் கட்டிவரும் இரண்டு இருக்கை விமானத்தின் பைபர் (கண்ணாடி நார்) பாகங்கள் இன்னும் பெயிண்ட் காணாமல் கிடக்கின்றன. எஞ்சின் மூடி, இறக்கை நுனிகள், சக்கர உறைகள் எல்லாம்தான். மழை முடிந்த பிறகு கோவையில் பெயிண்ட் அடிப்பதாகத் திட்டம். அதுவரை மேலே என்ன பூசி வைக்கலாம்? சில இடங்கள் பிசுபிசுவென்று இருக்கின்றன. உப்புத்தாள் போட்டால் தாள்தான் அடைத்துக்கொள்கிறது, தின்னரால் துடைத்தாலும் போகவில்லை. சனிக்கிழமை கீழே இறங்குகிறேன், வாங்க வேண்டியதைச் சொன்னால் அப்போதே வாங்கிவிடுவேன்.

பட்டறைவாசி
நாரை இறுக்கிப் பிடிக்கும் ரெசின் எது? எபாக்சியா, பாலியெஸ்டரா? பாகங்கள் வெயிலில் இருக்கின்றனவா, அறைக்குள்ளா? எஞ்சினை ஓட்டியாகிவிட்டதா? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

தூத்துக்குடி படகு
யோசிக்கவே வேண்டாம் அண்ணாச்சி, படகுக்கு வெளியே பூசும் ஜெல்கோட் ஒரு கை அடித்துவிடுங்கள். எங்கள் படகுகள் உப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் வருடக்கணக்காகக் கிடக்கின்றன, ஒன்றும் ஆவதில்லை.

டிங்கர் தம்பி
கார் பம்பருக்குப் பெயிண்டுக்கு முன் அடிக்கும் சர்பேசர் என்ற அடிப்பூச்சு போதும். முதலில் பட்டி இழுத்து, தேய்த்து, அதன்மேல் இரண்டு கோட். பெயிண்ட் கடைக்காரரே கலந்து கொடுத்துவிடுவார்.

மூத்த விமானி
இந்தக் கேள்விக்கு எத்தனை முறைதான் பதில் எழுதுவது? தேடிப் படிக்கும் பழக்கம் போய்விட்டது. தம்பி, விமானம் என்பது பம்பர் மாட்டிய வண்டி அல்ல. அமெரிக்க விமான வடிவமைப்பாளர் பர்ட் ருட்டான் 1970களிலேயே வேரிஈஸி, லாங்ஈஸி என்று எபாக்சியில் விமானம் வடிவமைத்தார். அவற்றை வெள்ளையாக அடிப்பது அழகுக்காக அல்ல. சாதாரண அறைச் சூட்டில் இறுகிய எபாக்சி, அடர்நிறம் பூசி வெயிலில் நிறுத்தினால் இளகத் தொடங்கும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரும் எபாக்சியைத் தின்னும். முதலில் மஞ்சளிக்கும், பிறகு மேல்பரப்பு சுண்ணாம்புபோல் உதிரும். நீங்கள் இருப்பது ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில். அங்கே அந்தக் கதிர் சமவெளியைவிட அதிகம். குளிராக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள்.

பட்டறைவாசி
ஐயா சொல்வது சரி. ஆனால் அவர் கேட்டது பிசுபிசுப்பைப் பற்றியும்தானே, அதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

ஊட்டிப் பனி
எதற்கு அவசரம்? அக்டோபர் வரை ஒரு நீலத் தார்ப்பாயைப் போட்டு மூடி வையுங்கள். அதற்குள் மழை விட்டுவிடும்.

குன்னூர் மலைரயில்
அது உங்கள் ஊர்க் கணக்கு. கோத்தகிரிக்கும் எங்களுக்கும் பெருமழையே வடகிழக்குப் பருவத்தில்தான். 2009 நவம்பரில் இந்தப் பக்கம் மலை சரிந்ததை மறந்துவிட்டீர்களா? அக்டோபரில் மழை விடும் என்று அவரை நம்ப வைக்காதீர்கள்.

ஊட்டிப் பனி
2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. அது எந்தப் பருவம்?

குன்னூர் மலைரயில்
அவலாஞ்சி எங்கே, கோத்தகிரி எங்கே! நடுவில் தொட்டபெட்டா நிற்கிறது ஐயா. தென்மேற்குக் காற்று கொட்டித் தீர்த்த மிச்சம்தான் இந்தப் பக்கம் வரும்.

பட்டறைவாசி
மழைப் பஞ்சாயத்தை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். தார்ப்பாயும் வேண்டாம். உள்ளே ஈரம் வியர்த்துத் தங்கும், காற்றில் அடித்து மேல்பரப்பையும் தேய்க்கும். பழைய பருத்தி வேட்டி போதும், வெயில் படாத அறையாக இருந்தால்.

கோத்தகிரிக்காரன்
மன்னிக்கவும், வேலைக்குப் போய்விட்டேன். பாகங்கள் பழைய தேயிலைக் கிடங்கில் இருக்கின்றன, ஒரு பக்கம் கண்ணாடிக் கூரை. விமானம் கட்ட வாங்கிய கிட்டோடு (பாகங்களின் தொகுப்பு) வந்தவை எபாக்சி. பிசுபிசுப்பு அவற்றில் இல்லை. இறக்கை உடலோடு சேரும் இடத்துக்கு நானே நார்த்துணி வைத்து ரெசின் ஊற்றிச் செய்த மூடிகளில்தான். அவையும் எபாக்சிதான். எஞ்சின் இன்னும் ஓடவில்லை, அடுத்த மாதம் ஓட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

வேதியியல் ஆசிரியை
அந்த மூடிகளைச் செய்த அன்று அறையை எப்படிச் சூடாக்கினீர்கள்?

கோத்தகிரிக்காரன்
கரிக் கணப்புதான் மேடம். இரும்புச் சட்டியில் கரி போட்டு ரெசின் பக்கத்திலேயே வைத்திருந்தேன். கதவைத் திறந்தால் மூடுபனி உள்ளே வந்துவிடும் என்று சாத்தியே வைத்திருந்தேன்.

வேதியியல் ஆசிரியை
அப்படியானால் விஷயம் அதுதான். எபாக்சியை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனரில் அமீன் என்ற வேதிப்பொருள் இருக்கும். குளிரும் ஈரமும் உள்ள இடத்தில் ரெசின் மெதுவாக இறுகும்போது, அந்த அமீன் காற்றிலுள்ள கரியமில வாயுவோடும் ஈரத்தோடும் சேர்ந்து மேலே மெழுகுபோல் ஒரு படலமாகப் படியும். நீங்கள் அறையை மூடி, உள்ளே கரியும் எரித்திருக்கிறீர்கள். கரியமில வாயுவுக்குப் பஞ்சமே இருந்திருக்காது. அந்தப் படலம் தண்ணீரில் கரையும். தின்னரில் சரியாகக் கரையாமல் இழுபடும், அதன்மேல் உப்புத்தாள் போட்டால் உள்ளே தேய்ந்து ஏறும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் தேய்த்துக் கழுவுங்கள், சுத்தத் துணியால் ஒற்றி எடுங்கள். தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் சீராகப் பரவினால் போய்விட்டது என்று பொருள். நன்றாக உலர்ந்த பிறகே உப்புத்தாள்.

கழுவிய பிறகும் நகம் பதிகிறதென்றால் அது படலம் அல்ல. ரெசின் இறுகவில்லை, அல்லது கலவை அளவு தவறியிருக்கிறது. அந்த மூடிகளை மறுபடி செய்யுங்கள்.

இன்னொன்று. மூடிய அறையில் கரி எரிப்பது ரெசினைவிட உங்களுக்குத்தான் ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மின்சார ஹீட்டர் வையுங்கள்.

டிங்கர் தம்பி
அப்போது சர்பேசர் வேண்டாமா?

பட்டறைவாசி
இப்போது வேண்டாம் தம்பி. சர்பேசரும் பட்டியும் ஈரத்தைக் குடிக்கும். மேலே பெயிண்ட் ஏறாமல் கோத்தகிரி மூடுபனியில் மாதக்கணக்கில் விட்டால் பின்னால் கொப்புளம்தான் மிச்சம். ஜெல்கோட்டும் வேண்டாம். அது பாலியெஸ்டர், எபாக்சியின் மேல் சரியாகப் பிடிக்காது.

கோத்தகிரிக்காரரே, சனிக்கிழமை இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி பிரைமர் வாங்குங்கள். கிட் பாகங்களில், அச்சிலிருந்து எளிதாகக் கழற்றத் தடவிய மெழுகு ஒட்டியிருக்கலாம், அதை மெழுகு நீக்கியால் துடைத்த பிறகே தேயுங்கள். தேய்த்தபின் விளக்கை ஓரமாகச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், ஊசித்துளைகள் தெரியும். பிரைமர் அவற்றை அடைக்காது, மேலே பாலம்போல் நின்று அடுத்த தேய்ப்பில் மறுபடி திறக்கும். கொஞ்சம் எபாக்சியைத் தகட்டால் அழுத்தி இழுத்து அடைத்துவிட்டு, பிறகு பிரைமர். அதுவும் வெயிலில் உதிரக்கூடியது, எனவே கண்ணாடிக் கூரைக்குக் கீழே வைக்க வேண்டாம். கோவையில் பெயிண்ட் அடிக்குமுன் லேசாகச் சொரசொரப்பாக்கச் சொல்லுங்கள். சிலிகான் கலந்த கார் பாலிஷ் எதுவும் பக்கத்தில் வரவே கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் எஞ்சின் மூடியின் உட்புறம். எஞ்சினை ஓட்டுமுன் அங்கே எபாக்சி பூசி அடைத்துவிடுங்கள். ஒருமுறை ஆயில் நாருக்குள் ஊறிவிட்டால் அதன்மேல் எதுவும் ஒட்டாது.

மூத்த விமானி
விமானத்தைத் திருப்ப அசையும் பாகங்களின் நுனிகளும் பைபர் என்றால், பெயிண்ட் அடித்த பிறகு சமநிலையை மறுபடி பாருங்கள். பெயிண்டுக்கும் எடை உண்டு. இதையும் நான்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

கோத்தகிரிக்காரன்
கழுவினேன், பிசுக்கு போய்விட்டது. நகம் பதியவில்லை. தாள் இப்போது அடைக்கவில்லை, வெள்ளைத் தூளாக வருகிறது. பிரைமர் வாங்கியாகிவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

வேதியியல் ஆசிரியை
மகிழ்ச்சி. எந்த ஹார்டனர் என்று மட்டும் சொல்லுங்கள், வேகமானதா மெதுவானதா?

ஊட்டிப் பனி
அங்கே இப்போது மழையா?