பைரீன் அளவீடு துகளின் உட்புறத்தையா காட்டுகிறது?

கேள்வி (ஆய்வுமாணவி):
நீரில் மிதக்கும் பாலி-என்-ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடு நுண்கூழ்மத் துகள்கள், ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் நீரை வெளியேற்றிச் சுருங்குகின்றன. அப்போது, சுற்றுப்புறத்தின் நீர்த்தன்மைக்கேற்ப ஒளிர்வு மாறும் பைரீன் என்ற மூலக்கூறின் ஒளிர்வு நிறமாலையில் முதல் முகட்டுக்கும் மூன்றாம் முகட்டுக்கும் உள்ள விகிதம் குறைகிறது. துகளின் உட்புறம் நீர்வெறுப்புத் தன்மை பெற்றுவிட்டது என்று இதை வைத்தே முடிவு செய்யலாமா?

மறுமொழி 1 (கூழ்மவேதி):
அவ்வளவு விரைவில் முடிவு செய்ய வேண்டாம். இந்த விகிதம் நீரில் சுமார் 1.8 ஆகவும் நீரோடு கலக்காத கரைப்பானான ஹெக்சேனில் சுமார் 0.6 ஆகவும் இருப்பது உண்மைதான். ஆனால் நீங்கள் அளப்பது, துகளுக்குள் புகுந்த பைரீனும் வெளியே நீரில் தங்கிய பைரீனும் சேர்ந்து தரும் சராசரியே என்பதால், உட்புறம் மாறாமல் உள்ளே செல்லும் பங்கு மட்டும் கூடினாலும் விகிதம் இறங்கும். துகளின் செறிவைப் படிப்படியாகக் கூட்டி, விகிதம் எந்த மதிப்பில் நிலைகொள்கிறது என்று பாருங்கள். பைரீனின் செறிவு 1 மைக்ரோமோலாருக்கு நன்கு கீழேயே இருக்கட்டும்; 480 நானோமீட்டர் அருகே அகன்ற எக்சைமர் பட்டை (இரு பைரீன் மூலக்கூறுகள் இணைந்து தரும் ஒளிர்வு) தெரிந்தால் அந்தச் செறிவு அதிகம். அளவிடும் கருவியில் ஒளி கடக்கும் பிளவின் அகலத்தையும் இடையில் மாற்றாதீர்கள், ஏனெனில் 373, 384 நானோமீட்டரில் உள்ள முதல், மூன்றாம் முகடுகள் அதனால் எளிதில் மங்கும்.

மறுமொழி 2 (ஒளியியல் ஆர்வலர்):
துகள்கள் இல்லாத நீரிலும் அதே இரு வெப்பநிலைகளில் அளந்து ஒப்பிடுவது அவசியம். சுருங்கிய கரைசல் பால்போல் கலங்குவதால், சிதறும் ஒளியும் நிறமாலையைக் குலைக்கக்கூடும். உட்புறத்தை மட்டும் அறிய வேண்டுமெனில், ஒளிரும் மூலக்கூறைப் பாலிமர்ச் சங்கிலியுடனேயே வேதிப்பிணைப்பால் இணைப்பதுதான், உழைப்பு மிகுந்ததாயினும், நான் நம்பும் வழி.

ஆய்வுமாணவி:
நன்றி. துகளற்ற நீர் அளவீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.