2021 பிளஸ் டூ பேட்ச்: நடக்காமல் போன பிரிவு உபசார விழாவை இப்போது நடத்தலாமா?

கேள்வி: குற்றாலச்சாரல்

எல்லோருக்கும் வணக்கம். தென்காசிப் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் 2021-ல் பிளஸ் டூ முடித்தவர்கள் நாங்கள். கொரோனாவால் பொதுத்தேர்வு எழுதாமலேயே வெளியே வந்த பேட்ச். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போய் வீடியோ பாடங்களை ஏற்றிக்கொண்டு வந்தது, கல்வித் தொலைக்காட்சி முன்னால் நோட்டோடு உட்கார்ந்தது, 2021 ஜனவரி 19 அன்று பள்ளி திறந்தபோது ஓர் அறைக்கு 25 பேர் என்று பிரித்து உட்காரவைத்து வைட்டமின் மாத்திரை கொடுத்தது, இவ்வளவுதான் எங்கள் பிளஸ் டூ. ஏப்ரலில் செய்முறைத் தேர்வு முடிந்ததும் "மே மாசம் பரீட்சையில பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினோம். ஜூன் 5 அன்று பரீட்சையே ரத்து என்று முதல்வர் அறிவித்துவிட்டார். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூவிலிருந்து 30 என்று கணக்குப் போட்டு ஜூலை 19-ல் ரிசல்ட் வந்தது. டி.சி. வாங்கப் போனபோதுகூட ஆளுக்கொரு நேரம் கொடுத்துவிட்டார்கள், யாரும் யாரையும் பார்க்கவில்லை. குரூப் போட்டோகூட எடுக்கவில்லை.

இப்போது சென்னை, கோவை, திருப்பூர், துபாய் என்று சிதறிக் கிடக்கிறோம், சில தோழிகளுக்குக் கல்யாணமாகிவிட்டது. அந்த ஆன்லைன் வகுப்பு வாட்ஸ்அப் குரூப் மட்டும் இன்னும் இருக்கிறது. விட்டுப்போன விழாவை ஒருநாள் நடத்திவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. மண்டபம் பிடிக்கலாம் என்கிறார்கள் சிலர், எனக்குப் பள்ளியிலேயே நடத்த வேண்டும். ஹெச்.எம். அனுமதிப்பாரா, யாரையெல்லாம் கூப்பிடுவது, பணம் எப்படிப் பிரிப்பது? செய்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: மதுரைக்காரன்_20

தம்பி, நான் உங்களுக்கு ஒரு வருடம் முந்தைய பேட்ச். எங்களுக்கு பிப்ரவரியிலேயே பிளஸ் ஒன் பிள்ளைகள் விழா வைத்துவிட்டார்கள். ஆளுக்கொரு பேனா, மிக்சர், கேசரி, ஹால் டிக்கெட்டை சாமி படத்துக்கு முன் வைத்து ஒரு கூட்டுப் பிரார்த்தனை. ஆனால் உண்மையான பிரிவு கடைசிப் பரீட்சை அன்றைக்குத்தானே நடக்கும்? சட்டையில் கையெழுத்து வாங்குவது, இங்க் தெளிப்பது, கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு போக மனமில்லாமல் பேசிக்கொண்டே இருப்பது, எல்லாம் அன்றைக்குத்தான். எங்களுக்கு அந்த நாள் 2020 மார்ச் 24. வேதியியல் பரீட்சை. சாயங்காலம் 6 மணியிலிருந்து 144 தடை என்று சொல்லியிருந்ததால் வீட்டிலிருந்து ஆள் வந்து வாசலில் வண்டியோடு நிற்கிறார்கள், பேப்பரைக் கொடுத்ததும் ஏறிக்கொண்டு போய்விட்டோம். பஸ் கிடைக்காமல் அன்றைக்கு வரவே முடியாதவர்களும் உண்டு, அவர்களுக்கு ஜூலை 27-ல் தனியாக மறுதேர்வு வைத்தார்கள். என் பக்கத்து பெஞ்ச் நண்பனை அதற்கப்புறம் நான் பார்க்கவே இல்லை, அவன் நம்பர் மாறிவிட்டது. அதனால் யோசிக்காதீர்கள், நடத்துங்கள். தள்ளிப்போடப் போட ஆட்கள் குறைந்துகொண்டே போவார்கள்.

பதில்: ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை

தம்பி, உங்களுக்கு மட்டும்தான் ஏக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். வருடா வருடம் ஒரு வகுப்பை வழியனுப்பிப் பழகியவர்கள் நாங்கள். அந்த வருடம் முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களை மட்டும்தான் பார்த்தோம். செய்முறைத் தேர்வில் பிப்பெட்டை வாயில் வைக்காதே என்று சொல்லிச் சொல்லியே நாள் போய்விட்டது, ஒரு பிள்ளையிடமும் "நல்லா இரு" என்று நிதானமாகச் சொல்லி அனுப்ப முடியவில்லை.

பள்ளியில் நடத்துவதுதான் சரி. மண்டபம் வேண்டாம். தலைமையாசிரியருக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, பேட்ச் வருடம், தேதி, நேரம், எத்தனை பேர் என்று தெளிவாகப் போட்டு, இரண்டு மூன்று பேராக நேரில் போய்க் கொடுங்கள். இப்போதிருக்கும் தலைமையாசிரியர் உங்களுக்குத் தெரிந்தவராக இருக்க மாட்டார், இடமாறுதலில் போயிருப்பார்கள், அதனால் உங்களுக்குப் பாடம் எடுத்த ஒருவர் இன்னும் அங்கே இருந்தால் அவரைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள், அவர்களிடம் சொன்னால் வேலை சுலபம். பிப்ரவரி, மார்ச் பக்கமே போகாதீர்கள், செய்முறை, பொதுத்தேர்வு என்று பள்ளிக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. காலாண்டு விடுமுறைக்கு முந்தைய வாரமும் ஆகாது. சாதாரணமான ஒரு சனிக்கிழமை போதும்.

ஆசிரியர்களை மட்டும் கூப்பிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஆய்வக உதவியாளர், சத்துணவு அக்கா, மணி அடித்தவர், வாட்ச்மேன், எல்லோருக்கும் நேரில் போய்ச் சொல்லுங்கள். ஓய்வுபெற்றவர்களுக்கு வண்டி ஏற்பாடு செய்யுங்கள். எனக்கு முட்டி வலி, பஸ்ஸில் வா என்றால் வர மாட்டேன், பிள்ளைகள் வந்து கூப்பிட்டால் கட்டாயம் வருவேன்.

பதில்: 96_ஆட்டோகிராப்

நாங்கள் 1996 பேட்ச், 1200 மதிப்பெண் காலம், ரிசல்ட்டை மாலைப் பேப்பரில் நம்பர் தேடிப் பார்த்தவர்கள். எங்கள் ஒன்றுகூடலை நடத்திய பெண்களில் ஒருத்தியாக ஒன்றிரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஆளுக்கு 2,000 ரூபாய் என்று குரூப்பில் போட்டுவிடாதீர்கள் தம்பி. போட்ட அன்றைக்கே சிலர் சத்தமில்லாமல் குரூப்பை விட்டுப் போய்விடுவார்கள், வர மனமில்லை என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள், உண்மையில் கையில் இருக்காது, சொல்லக் கூச்சமாக இருக்கும். நன்றாகச் சம்பாதிக்கிற நாலைந்து பேர் முன்வந்து செலவை ஏற்கட்டும், மற்றவர்கள் முடிந்ததைக் கொடுக்கட்டும், யார் எவ்வளவு என்ற பட்டியலைக் குரூப்பில் போடவே கூடாது. அதேபோல கல்லூரிக்குப் போகாமல் வேலைக்குப் போனவர்களை முதலில் கூப்பிடுங்கள். குரூப் மெசேஜை நம்பாதீர்கள், போன் போட்டுப் பேசுங்கள்.

பெண்கள் வர வேண்டுமென்றால் பகலில் வையுங்கள், காலை 10-க்கு ஆரம்பித்து 3 மணிக்குள் முடித்துவிடுங்கள். கைக்குழந்தையோடு வரலாம் என்று அழைப்பிலேயே எழுதுங்கள், ஒரு வகுப்பறையைத் திறந்து பாய் விரித்து வையுங்கள். எங்கள் ஒன்றுகூடலில் அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் வந்தேன் என்று ஒருத்தி சொன்னாள். பள்ளிக்கு ஏதாவது செய்வதென்றால் என்ன தேவை என்று முதலில் கேளுங்கள். சுவர்க் கடிகாரமும் கேடயமும் எல்லாப் பள்ளியிலும் குவிந்து கிடக்கின்றன, கழிப்பறைக்குக் கதவுதான் தேவையாக இருக்கும். பெரிதாகச் செய்ய நினைத்தால் 2022-ல் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் வழியாகக் கொடுக்கலாம்.

கேள்வி கேட்டவர்: குற்றாலச்சாரல்

ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. டீச்சர், உங்கள் பதிலை எங்கள் குரூப்பில் போட்டேன், ரொம்ப நாளாகப் பேசாதவர்கள் எல்லாம் பேசுகிறார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் நண்பன், ஞாயிற்றுக்கிழமை என்றால்தான் லீவு என்கிறான், அதனால் சனிக்கு பதில் ஞாயிறு கேட்கலாமா? அப்புறம் குரூப் போட்டோவை அந்தக் காலத்து மாதிரியே எடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

பதில்: ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை

ஞாயிறு தாராளமாகக் கேளுங்கள், அன்றைக்குப் பள்ளியைத் திறந்துவைக்கும் பணியாளருக்கு ஒருநாள் விடுமுறை போகிறது, அதை மனதில் வைத்து அவரையும் பந்தியில் உட்காரவையுங்கள். போட்டோவுக்கு முன்வரிசையில் எங்களுக்கு நாற்காலி, அடுத்து பெண் பிள்ளைகள், பின்னால் பெஞ்ச் மேல் பையன்கள். பெஞ்ச் ஆடாமல் இருக்கிறதா என்று முதலில் ஏறிப் பாருங்கள். போட்டோகிராபரைக் காலையிலேயே வரச் சொல்லிவிடுங்கள், சாப்பாட்டுக்கு அப்புறம் என்று வைத்தால் பாதிப் பேர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்கள்.