வியூ 3-க்கு மாறியதும் ஒரு கிளிக்குக்கு இரண்டு பாக்கெட் ஏறுகிறது

கடைப்பையன்:
சித்தப்பாவின் மளிகைக் கடைக்கு பில் போடும் திரையை முன்பு வியூ (Vue) என்ற ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்கின் 2-ஆம் பதிப்பில் எழுதிக் கொடுத்திருந்தேன். போன வாரம் வியூ 3-க்கு மாற்றினேன். அன்றிலிருந்து கூட்டல் பட்டனை ஒரு தடவை அமுக்கினால் எண்ணிக்கை இரண்டு ஏறுகிறது. ஒரு பாக்கெட் சேமியா வாங்கியவருக்கு இரண்டுக்கு பில் போய்விட்டது. சித்தப்பா மறுபடி கால்குலேட்டரைக் கையில் எடுத்துவிட்டார்.

கூட்டல் பட்டன் ஒரு தனி கம்பொனென்ட் (திரையின் ஒரு தனித் துண்டு). உள்ளே ஒரே ஒரு பட்டன் டேக்தான். பொருளின் எண், தாய் கம்பொனென்ட் அனுப்பும் ப்ராப்ஸில் வருகிறது. அமுக்கினால் 'கிளிக்' என்ற பெயரில் அந்த எண்ணை எமிட் செய்கிறேன், அதாவது தாய்க்கு ஈவென்ட்டாக அனுப்புகிறேன். பக்கத்தில் இருக்கும் நீக்கல் பட்டனும் அச்சு அசல் இதேதான், ஈவென்ட்டின் பெயர் மட்டும் 'ரிமூவ்'. அது ஒழுங்காக ஓடுகிறது. அதுதான் மண்டையைக் குடைகிறது.

ராத்திரி ஷிப்ட்:
ஈவென்ட் மேலே ஏறிப் போகிறது போல. அதைத் தடுக்கும் டாட் ஸ்டாப் போட்டுப் பாருங்கள்.

கடைப்பையன்:
போட்டாயிற்று, அப்படியேதான் இருக்கிறது. தாய் கம்பொனென்ட்டுக்கு வருவதை கன்சோலில் பார்த்தேன். ஒரு தடவை 14 என்று பொருளின் எண் வருகிறது, இன்னொரு தடவை பாயிண்டர்ஈவென்ட்!

பழைய தறி:
பிரவுசரே அனுப்பும் அந்தப் பாயிண்டர்ஈவென்ட்தான் திருடன், தம்பி. வியூ 2-இல் கம்பொனென்ட்டின் மேல் கிளிக் என்று எழுதினால், நீங்கள் எமிட் செய்வதை மட்டும்தான் கேட்கும். பிரவுசரின் கிளிக் வேண்டுமென்றால் டாட் நேட்டிவ் சேர்க்க வேண்டும். வியூ 3-இல் அதை எடுத்துவிட்டார்கள். எமிட்ஸில் (கம்பொனென்ட் அனுப்பும் ஈவென்ட்களின் பட்டியல்) நீங்கள் அறிவிக்காத ஈவென்ட் என்றால், தாய் கொடுத்த லிஸனரை (ஈவென்ட் வந்தால் ஓடும் ஃபங்ஷன்) அப்படியே ரூட் எலிமென்ட்டில், அதாவது கம்பொனென்ட்டின் வெளி டேக்கில், மாட்டிவிடும். உங்கள் ரூட்டே பட்டன்! அமுக்கினால் பிரவுசர் ஒரு தடவை கூப்பிடுகிறது, உங்கள் எமிட் இன்னொரு தடவை. இரண்டும் ஒரே எலிமென்ட்டில் நடப்பதால் டாட் ஸ்டாப் உதவாது.

'ரிமூவ்' தப்பித்தது பெயரால்தான். பட்டனை அமுக்கினால் பிரவுசர் அந்தப் பெயரில் எதையும் அனுப்பாது. லிஸனர் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்.

எமிட்ஸில் 'கிளிக்' என்று சேருங்கள், முடிந்தது. ஸ்கிரிப்ட் செட்டப் முறையில் எழுதியிருந்தால் அதே பட்டியலை டிஃபைன்எமிட்ஸில் கொடுங்கள். 'ரிமூவ்'வையும் விடாதீர்கள். 'சேஞ்ச்' என்று பெயர் வைத்து நான் ஒரு முழுப் பகலைத் தொலைத்தவன். அப்புறம் பிரவுசர் வைத்திருக்கும் பெயர்கள் பக்கமே போவதில்லை.

கடைப்பையன்:
ஒரே வரிதான், சரியாகிவிட்டது! நன்றி அண்ணா.

ராத்திரி ஷிப்ட்:
என் யோசனை வீண்தான், சரி. ஆனால் அளவுப் பெட்டியும் கம்பொனென்ட்டாக இருந்து, அதற்கு மதிப்பை இரு பக்கமும் இணைக்கும் வி-மாடல் போட்டிருந்தால் அதையும் பாருங்கள். 'வேல்யூ' ப்ராப் இப்போது 'மாடல்வேல்யூ', 'இன்புட்' ஈவென்ட் 'அப்டேட்:மாடல்வேல்யூ'. 3.4 பதிப்பிலிருந்து டிஃபைன்மாடல் ஒன்றே இரண்டையும் பார்த்துக்கொள்ளும்.

கடைப்பையன்:
அளவுப் பெட்டி காலியாகவே நிற்பது இதனால்தானா? சித்தப்பா எதையோ அமுக்கி அழித்துவிட்டார் என்று நேற்று அவரோடு சண்டையே போட்டேன்.