எண்ணெய்க் கேன்ல லேபிள் ஓரம் தூக்குது, என்ன பண்ணலாம்?

திருமங்கலம் செக்கு:
வணக்கம். நல்லெண்ணெய் 1 லிட்டர் பெட் பாட்டில்லயும் 5 லிட்டர் வெள்ளைக் கேன்லயும் போகுது. ரெண்டுக்கும் ஒரே பேப்பர் ஸ்டிக்கர்தான். பாட்டில்ல கெட்டியா நிக்குது, கேன்ல ரெண்டாம் நாளே நாலு மூலையும் சுருண்டுருது. எண்ணெய்க் கை பட்ட இடம் கண்ணாடி மாதிரி ஆகி விலையே தெரியல. வெள்ளைப் பசை தடவியும் நிக்கல.

லேபிள் பிரஸ், மதுரை:
பசை மேல குத்தமில்லண்ணே. கேன் ஹெச்டிபிஇ, அதாவது அடர்த்தி கூடின பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். அதோட மேற்பரப்பு ஆற்றல், அதாவது மேல படுற திரவத்தை இழுத்துப் பரப்புற சக்தி, சென்டிமீட்டருக்குச் சுமார் 31 டைன், பெட் பாட்டிலுக்கு 43. கேன்ல ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க, முத்து மாதிரி திரண்டு நிக்கும். தண்ணி பரவாத இடத்துல பசையும் பரவாது. வெள்ளைப் பசை பிளாஸ்டிக்ல காய்ஞ்சதும் ஏடா உரிஞ்சிரும்.

பேப்பரை விட்டுட்டு வெள்ளை பாலிஎத்திலீன் ஃபிலிம் லேபிள் கேளுங்க. எண்ணெய் குடிக்காது, கேன் உப்புனாலும் கூடவே வளையும். ஒட்டு அதிகமான அக்ரிலிக் பசை வேணும்னு சொல்லுங்க. ரப்பர் பசை ஹெச்டிபிஇ-ல உடனே கவ்வும்தான், ஆனா எண்ணெய் பட்டா இளகிரும், அதனால உங்களுக்கு வேண்டாம். மூலையை 3 மி.மீ. வட்டமா வெட்டச் சொல்லுங்க, கூர்மூலைதான் முதல்ல தூக்கும்.

நிரப்புறதுக்கு முன்னாடியே ஒட்டிருங்க. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால துடைச்சு, நல்லா காயவிட்டு, நடுவுல வச்சு ஓரத்தைப் பாத்து அழுத்தித் தேய்க்கணும். பசை முழுசாப் பிடிக்க 24 மணி நேரம் ஆகும். அன்னைக்கே அடுக்கி ஏத்துனா ஓரம் உரசிப் பேத்துரும்.

கேன் பட்டறை:
பட்டறைல இருந்து சூட்டோட வந்த கேன்ல ஒட்டாதீங்க. ஹெச்டிபிஇ வார்த்த பிறகும் கொஞ்சம் சுருங்கும். லேபிள் சுருங்காது, அதனால குமிழ் கட்டும். ஒண்ணு ரெண்டு நாள் ஆறட்டும். அச்சோட ரெண்டு பாதி சேர்ற இடத்துல விழுற கோட்டுத் தழும்பு மேல லேபிள் ஏறவே கூடாது, அங்க காத்து நுழையும். லேபிள் படுற பக்கத்துக்கு மட்டும் சுடர் காட்டித் தரச் சொல்லிக் கேளுங்க. நீலச் சுடர் ஒரு தடவை வேகமாப் போனாலே தண்ணி பரவ ஆரம்பிக்கும். நாளாக ஆக அந்தக் குணம் குறையும், மாசக்கணக்குல அடுக்கி வைக்காதீங்க.

திருமங்கலம் செக்கு:
கையில பேப்பர் லேபிள் 2000 கிடக்கே?

லேபிள் பிரஸ், மதுரை:
பாட்டிலுக்குப் போட்டுத் தீத்துருங்க. காலி பாட்டில்லயே ஒட்டி, மேல தெளிவான டேப் ஒரு சுத்து, லேபிள் ஓரத்தைத் தாண்டி அரை சென்டி. டேப்புக்கு வெளிய பேப்பர் எட்டிப் பாத்தா அந்த ஓரம் வழியா எண்ணெய் ஏறிரும்.