சீர் கொடுத்த மகளுக்கு வீட்டில் பங்கு உண்டா?

பட்டர்வொர்த் வாசகி: அப்பா உயில் எழுதாமல் காலமானால், சீர் செய்து கட்டிக்கொடுத்த மகளுக்கு வீட்டில் பங்கில்லை என்கிறார்கள் பெரியவர்கள். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் நிலமே மகளுக்குத்தானாமே?

செலாயாங் வாசகர்: அது அங்குள்ள மலாய்க்காரர்களின் அடாட் பெர்பாத்தே, சுமத்ராவின் மினாங்கபாவ் மக்கள் கொண்டுவந்த வழக்கம், அக்கா. குலம் தாய்வழி, பூர்வீக நிலம் தாயிடமிருந்து மகளுக்கு. ஆனால் குலத்தலைவர் ஆண்தான். குடும்ப விஷயங்களில் தாய்மாமன் சொல்லுக்கு மதிப்பு அதிகம். எல்லா நிலமும் அப்படியில்லை, கிரானில் (நிலப்பட்டாவில்) அடாட் நிலம், அதாவது வழக்க நிலம், என்று பதிந்தவை மட்டும்.

ஜார்ஜ்டவுன் வாசகர்: நமக்கு, அதாவது தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதோருக்கு, 1958 பகிர்வுச் சட்டம். மனைவிக்கு 1/3, பிள்ளைகளுக்கு 2/3. நான்கு பிள்ளைகள் என்றால் ஆளுக்கு 1/6. மகன், மகள், கல்யாணமானவள் என்ற பேதமே கிடையாது. இறந்தவரின் பெற்றோர் இருந்தால் கணக்கு மாறும்: மனைவி 1/4, பெற்றோர் 1/4, பிள்ளைகள் 1/2.

கோளாறு நடப்பது, சொத்தைப் பிரிக்க நில அலுவலகம் நடத்தும் விசாரணையில். "அண்ணன் பேருக்கே போகட்டும்" என்று மகள்களிடம் சம்மதக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். உத்தரவு வந்தபின் மாற்றுவது பெரும்பாடு. படிக்காமல் கையெழுத்துப் போடவே கூடாதுங்க.

செலாயாங் வாசகர்: ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை இதில் சேர்க்காதீர்கள். வாரிசு நியமனம் இருந்தால் அது நேராக நியமிக்கப்பட்டவருக்கே போகும்.